சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல்: வேலூர்ப் பக்கம் வீடு கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என எந்த ஊரில் வேலை நடந்தாலும் வீட்டுக்காரர்கள் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கம்பியைப் பற்றியும் ஜல்லியைப் பற்றியும் கேட்பதைவிட "எந்த சிமென்ட்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதனால் அந்தக் கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் பேசியபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். எளியவை முதலில் வரும், சிக்கலானவை பின்னால் வரும். நாள் கணக்கும் அளவுகளும் பெரும்பாலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐ.எஸ். 456 போன்ற விதிகளில் உள்ளவை. என் சொந்தக் கருத்தாக இருந்தால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சிமென்ட், கான்கிரீட் ரெண்டும் ஒண்ணுதானே சார்?

இல்லை. ஜல்லி, மணல், சிமென்ட், தண்ணீர் நான்கும் சேர்ந்து இறுகியதுதான் கான்கிரீட். அதில் ஜல்லியையும் மணலையும் பிடித்து ஒட்டவைக்கும் பொருள் சிமென்ட். சாதாரண வீட்டுக் கான்கிரீட்டில் எடைக்கு எட்டில் ஒரு பங்கு அளவுதான் அது இருக்கும். ஒட்டவைக்கும் வேலையை எது செய்தாலும் அதைப் பிணைப்புப் பொருள் என்று சொல்லலாம். சுண்ணாம்பும் அப்படி ஒன்றுதான். அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பு ஊதுலைக் கசடு போன்றவை தனியாக ஒட்டாது. சிமென்ட்டோடு சேர்ந்தால் ஒட்டும். எம்-சாண்ட், கிரஷர் தூள் இரண்டும் எவ்வளவு மாவாக இருந்தாலும் பிணைப்புப் பொருள் ஆகாது. அவை வெறும் கல் தூள்.

சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுமார் 1450 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால் கிளிங்கர் என்ற கருங்குருணை கிடைக்கும். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக்கினால் சிமென்ட். லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் முதல் முயற்சி 1904இல் சென்னையில் கடல் கிளிஞ்சலை வைத்து நடந்தது, நிலைக்கவில்லை. நம் மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, ஆனால் சிமென்ட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக் கல் இங்கே இல்லை. தமிழ்நாட்டில் அது அரியலூர், சங்ககிரி, மதுக்கரை, திருநெல்வேலிப் பக்கம் கிடைக்கிறது. ஆலைகளும் அங்கேதான் இருக்கின்றன.

சிமென்ட் காய்ஞ்சாத்தானே கெட்டியாகும்? அப்புறம் ஏன் தண்ணி விடச் சொல்றீங்க?

மற்ற எல்லாக் குழப்பங்களுக்கும் வேர் இந்தக் கேள்விதான். சேறு காய்ந்து கெட்டியாகும். சிமென்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. அது தண்ணீரைத் தனக்குள் எடுத்துக்கொண்டு வேறொரு பொருளாக மாறுகிறது. அந்தப் புதுப் பொருள்தான் ஜல்லியைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் இருக்கும்வரை இந்த மாற்றம் நடந்துகொண்டே இருக்கும். உள்ஈரம் வற்றிவிட்டால் பாதியில் நின்றுபோகும்.

சுண்ணாம்பு கெட்டியாகும் விதம் வேறு. சாதாரண சுண்ணாம்பு காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. சிமென்ட் வாரக் கணக்கில் பெரும்பகுதி பலத்தை எட்டிவிடும். சுண்ணாம்புக்கு மாதங்களும் ஆண்டுகளும் வேண்டும். எந்தப் பொருள் எவ்வளவு காலத்தில் இறுகும் என்று தெரிந்து அந்த அவகாசத்தைக் கொடுத்தால் எல்லாமே நல்ல பொருள்தான். கீழே வரும் பல பதில்கள் இங்கேதான் வந்து நிற்கும்.

மூட்டை மேல 43, 53ன்னு போட்டிருக்கே, அது என்ன? பி.பி.சி. மூட்டையில அந்த நம்பரே காணோமே?

ஓ.பி.சி. என்ற சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டை வரையறுத்த மணலோடு கலந்து சிறு கட்டிகளாக வார்த்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்ப்பார்கள். அப்போது அது தாங்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம் மெகாபாஸ்கலில் 43 அல்லது 53. 53 கிரேடு 3 நாளில் 27, 7 நாளில் 37 தாண்ட வேண்டும். 43 கிரேடுக்கு அதே நாட்களில் 23, 33.

பி.பி.சி. என்பது சாம்பல் கலந்த சிமென்ட். அதற்கு 3 நாளில் 16, 7 நாளில் 22, 28 நாளில் 33 என்பது குறைந்தபட்சத் தேவை. கிரேடு கிடையாது என்பதால் மூட்டையில் எண் இருக்காது. இந்த 33ஐப் பார்த்து "இது பலவீனமானது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அது தாண்ட வேண்டிய கீழ்வரம்பு மட்டும்தான். 28 நாளுக்குப் பிறகும் பி.பி.சி. ஏறிக்கொண்டே போகும். 53 கிரேடு தன் பலத்தின் பெரும்பகுதியை முதலிலேயே எட்டிவிடுவதால் பிறகு ஏறுவது குறைவு.

சாம்பல் கலந்தா அது கலப்படம்தானே? காசு மிச்சம் பிடிக்கத்தானே கம்பெனிக்காரங்க கலக்குறாங்க?

சாம்பல் மலிவு என்பது உண்மைதான். ஆனால் கலப்படம் என்பது பயனற்ற பொருளை மறைத்துச் சேர்ப்பது. பி.பி.சி.யில் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஐ.எஸ். 1489 சொல்கிறது. எத்தனை சதவீதம் சேர்த்திருக்கிறார்கள் என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்க வேண்டும். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்.

சாம்பல் உள்ளே செய்யும் வேலை இது. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது ஒட்டும் பொருளோடு கூடவே நீற்றிய சுண்ணாம்பும் கணிசமாக உண்டாகிறது. அதற்குப் பலம் கிடையாது. தண்ணீரில் கரையும், வெளியே கசிந்து வெள்ளையாகப் படியும், உப்புக்கும் அமிலத்துக்கும் முதலில் இரையாகும். நிலக்கரிச் சாம்பலின் நுண்ணிய சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து அதையும் ஒட்டும் பொருளாக மாற்றிவிடுகிறது. வீணாக இருந்தது வேலைக்கு வருகிறது, கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுகின்றன. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்தது இதே காரணத்தால்தான். நம் ஊரில் செங்கல் தூளை, அதாவது சுருக்கியை, சுண்ணாம்பில் கலந்ததும் இதே வேலைதான்.

ஒரு குறை உண்டு. சிமென்ட் முதலில் சுண்ணாம்பை வெளியிட்ட பிறகுதான் சாம்பல் வேலையைத் தொடங்க முடியும். அதனால் முதல் சில வாரங்கள் பி.பி.சி. மெதுவாகவே ஏறும். அந்த வாரங்களில் ஈரம் இல்லாவிட்டால் சாம்பல் வெறும் தூசியாகவே உள்ளே கிடக்கும். பி.பி.சி. மேல் சொல்லப்படும் புகார்களில் பாதிக்கு மேல் ஈரம் கொடுக்காததால் வந்தவை என்பது என் அனுபவம்.

ரூஃபுக்கு 53தான் போடணும்னு மேஸ்திரி ஒத்தக்கால்ல நிக்கிறார். அவர் சொல்றது சரியா?

அவர் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சீக்கிரம் இறுகும், சென்ட்ரிங் சாமான் சீக்கிரம் அடுத்த வேலைக்குப் போகும், வாடகை மிச்சம். அது அவர் தொழிலின் கணக்கு, அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் கூரைக்குத் தேவையான பலம் எம்20 அல்லது எம்25, அதாவது 28 நாளில் 20 அல்லது 25 மெகாபாஸ்கல் தாங்கும் கான்கிரீட். அதை பி.பி.சி.யிலும் 43 கிரேடிலும் தாராளமாக எட்டலாம். 53 கிரேடு வேகமாக இறுகும்போது சூடும் அதிகமாக வரும். மே மாதத்து வேலூர் வெயிலில், உச்சிப்பொழுதில், மெல்லிய ஸ்லாபில் அந்த வேகம் மேற்பரப்பு வெடிப்பாக வந்து நிற்கும்.

நான் சொல்வது இதுதான்: வீட்டு வேலைக்கு அஸ்திவாரம், தூண், கூரை, பூச்சு எல்லாவற்றுக்கும் பி.பி.சி. போதும், அடுத்த கேள்விகளில் வரும் நாள் கணக்கைக் கடைப்பிடிக்க முடிந்தால். முடியாது, பத்து நாளில் முட்டுக் கழற்றியே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் கூரைக்கு மட்டும் 43 கிரேடு எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு வேலைக்கு 53 போடவே வேண்டாம். மேலே நரம்பு நரம்பாக வெடிப்பு ஓடும்.

சென்ட்ரிங் எப்பப் பிரிக்கலாம்?

ஓ.பி.சி.யாக இருந்தால் ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச நாட்கள்: தூண், பீம் பக்கப் பலகைகளுக்கு 16 முதல் 24 மணி நேரம். தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ நடுவே நாலரை மீட்டர் வரை இடைவெளியுள்ள ஸ்லாபின் முட்டுகளுக்கு 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள். ஆறு மீட்டர் வரையுள்ள பீமின் முட்டுகளுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். முறையாக ஈரம் காட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

மற்ற சிமென்ட்டுக்கு நாட்களைத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம் என்று விதி பொதுவாக விட்டுவிடுகிறது. பி.பி.சி. போட்ட ஸ்லாபுக்கு, சிறியதாக இருந்தாலும் 14 நாள் முட்டு நிற்கட்டும் என்று நான் வற்புறுத்துவேன். மேலே செங்கல் அடுக்குவது, மணல் கொட்டுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். பால்கனி, சன்ஷேடு போல ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள இடங்களில் முட்டை நுனியிலிருந்து சுவர் நோக்கிக் கழற்றச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் தண்ணி விடணும்? காலையிலயும் சாயந்தரமும் ஹோஸ்ல அடிச்சா போதாதா?

ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள். சாம்பல், கசடு கலந்தவற்றுக்குக் குறைந்தது 10 நாள். வறண்ட சூடான இடங்களில் எந்த சிமென்ட்டாக இருந்தாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. கலப்பு சிமென்ட்டுக்கு 14 நாள் வரை நீட்டுவது நல்லது. இவையெல்லாம் ஐ.எஸ். 456இல் உள்ளவை. நம் ஊர் வறண்ட சூடான இடம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

காலை மாலை ஹோஸ் அடிப்பது கூரைக்குப் போதாது. கத்திரி வெயிலில் காலை பத்து மணிக்கு அடித்த தண்ணீர் பதினோரு மணிக்கு இருக்காது. நனைந்து காய்ந்து நனைந்து காய்வது கான்கிரீட்டுக்கு நல்லதும் அல்ல. ஸ்லாப் மேல் சிமென்ட் கலவையில் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துங்கள். தூணுக்குச் சாக்கு சுற்றி, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே பாலிதீன் தாள் சுற்றினால் தண்ணீரும் மிச்சம். வாங்கிய சிமென்ட்டின் பலத்தில் எவ்வளவு உங்களுக்குக் கிடைக்கிறது என்பதை முடிவு செய்வது இந்த இரண்டு வாரம்தான். ஆனால் கூரை போட்ட மறுநாளே கூலியாட்கள் போய்விடுவார்கள், பொறுப்பு வீட்டுக்காரர் தலையில் விழும். அதை முன்கூட்டியே பேசி, ஈரம் காட்டும் வேலையையும் கூலிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கலவை இறுக்கமா இருக்கு, கொஞ்சம் தண்ணி சேர்த்தா என்ன?

சேர்க்காதீர்கள். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்பது நல்ல கணக்கு. மணலில் உள்ள ஈரமும் அதற்குள் அடங்கும். 30 லிட்டர் தாண்டினால் எந்த சிமென்ட்டாக இருந்தாலும் பலம் இறங்கும். சிமென்ட் பயன்படுத்தியது போக மிஞ்சிய தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். கலவை ஓட வேண்டுமென்றால் அதற்கென்றே பிளாஸ்டிசைசர் திரவம் கடையில் கிடைக்கிறது. டப்பாவில் போட்டிருக்கும் அளவில் சேர்த்தால் தண்ணீர் கூட்டாமலே கலவை இளகும். வைப்ரேட்டர் போட்டால் இறுக்கமான கலவையும் நன்றாக இறங்கும்.

எங்க போர் தண்ணி உப்பு சார், ஆம்பூர்ப் பக்கம். சமைக்கவே ஆகாது. கான்கிரீட்டுக்கு ஆகுமா?

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரை பாலாற்றுப் படுகையில் பல ஊர்களில் நிலத்தடி நீர் தோல் பதனிடும் கழிவால் கெட்டுக் கிடக்கிறது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு நாடு முழுக்கப் பேசப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. ஆனாலும் மண்ணுக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். அதைக் கழுவிய நீரில் குளோரைடு போகும். பதனிடும் குரோமிய உப்பிலிருந்து சல்பேட்டும் போகும்.

குளோரைடு கான்கிரீட்டைத் தின்பதில்லை, உள்ளே உள்ள கம்பியைத் தின்னும். சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்பு உண்டாக்கி வைத்திருக்கும். குளோரைடு அதை உடைத்துவிடும். கம்பி துருப்பிடித்து ஊதி, பத்துப் பதினைந்து வருடத்தில் கூரையின் அடியில் பொருக்குப் பொருக்காக உதிரும். கம்பிக் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்குக் குளோரைடு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, சல்பேட் 400ஐத் தாண்டக் கூடாது, பி.எச். அளவு 6க்குக் குறையக் கூடாது. பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். தேறவில்லை என்றால் டேங்கர் தண்ணீர் வாங்குங்கள். கலப்பதற்கு மட்டுமல்ல, பாத்தியில் நிறுத்துவதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

அப்ப மண்ணுலயே உப்பு இருந்தா? சல்பேட் சிமென்ட்னு ஒண்ணு இருக்காமே, அத வாங்கிடவா?

சல்பேட் மட்டும் அதிகமுள்ள மண்ணுக்கு அது நல்லது. சாதாரண சிமென்ட்டில் உள்ள அலுமினேட்டோடு சல்பேட் சேர்ந்தால் உள்ளேயே ஊதி, கான்கிரீட் வெடிக்கும். சல்பேட் எதிர்ப்பு சிமென்ட்டில் அந்த அலுமினேட்டைக் குறைத்திருப்பார்கள். ஆனால் முந்தைய பதிலில் சொன்னபடி நம் பக்கம் குளோரைடும் சேர்ந்தே வருகிறது. குளோரைடைக் கொஞ்சமாவது பிடித்து வைத்துக்கொள்வது அதே அலுமினேட்தான். அதைக் குறைத்துவிட்டால் குளோரைடு தடையில்லாமல் கம்பியை எட்டும்.

இரண்டும் இருக்கும் இடத்தில் அஸ்திவாரத்துக்கும் செப்டிக் டாங்குக்கும் ஸ்லாக் சிமென்ட் வாங்குங்கள். இரும்பு ஊதுலையில் மிதக்கும் உருகிய கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து அரைத்த தூளைச் சேர்த்தது அது. ஐ.எஸ். 455 படி கசடு 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம். இந்த வேலைக்குப் பாதிக்கு மேல் கசடு உள்ளதாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சாம்பல் அதிகமுள்ள பி.பி.சி. வாங்குங்கள். எது போட்டாலும் அஸ்திவாரத்தில் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடிய கான்கிரீட், இருக்க வேண்டும். கவர் இல்லாத இடத்தில் எந்த சிமென்ட்டும் கம்பியைக் காப்பாற்றாது.

மூட்டை வாங்கி மூணு மாசம் ஆச்சு. போடலாமா?

மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சடித்திருக்கும். மூன்று மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் கூரைக்கும் தூணுக்கும் போடாதீர்கள். கட்டி இருந்து, விரலால் நசுக்கினால் உடையவில்லை என்றால் அந்த மூட்டை போனது. லேசாக உடைந்தால் சலித்துத் தரைக்கடி வேலைக்குப் போடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடுக்கி வைப்பதாக இருந்தால் பலகை மேல், சுவரைத் தொடாமல், பாலிதீன் மூடி வையுங்கள்.

எங்க தாத்தா கட்டின வீடு சுண்ணாம்புதான், நூறு வருஷமா நிக்குது. வேலூர்க் கோட்டையே நிக்குதே! இப்ப ஏன் சுண்ணாம்புல கட்டக் கூடாது?

கட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கோட்டையை உதாரணம் காட்ட வேண்டாம். அது 16ஆம் நூற்றாண்டுக் கருங்கல் கட்டு. பெரிய பெரிய கல் ஒன்றன்மேல் ஒன்றாக எடையிலேயே அமர்ந்து நிற்கிறது. அதன் பலம் கல்லில் இருக்கிறது. தாத்தா வீட்டின் கனத்த சுவரும் அப்படித்தான், பாரம் நேராகக் கீழே இறங்கும். சுவர் அகலமாக இருப்பதால் சாந்துக்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. அந்த வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்கள் பாரம் தாங்கின. செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினார்கள். அவ்வளவு கைவேலையும் பொறுமையும் அதற்குள் போயிருக்கிறது.

இன்றைய வீடு தூணும் பீமும் கம்பியும் வைத்தது. சாதாரண சுண்ணாம்புச் சாந்தின் பலம் ஒன்றிரண்டு மெகாபாஸ்கல். உங்கள் தூணுக்குக் குறைந்தது 20 வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் கம்பி. சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்கிறது என்று முன்பே சொன்னேன். அப்படி உறிஞ்ச உறிஞ்சக் காரத்தன்மை குறைந்துவிடும், கம்பிக்குக் காப்பு இருக்காது. ஆகவே கம்பி உள்ள இடத்தில் சுண்ணாம்பு வேண்டாம். செங்கல் சுவர்க் கட்டு, உள்பூச்சு, மொட்டைமாடியில் செங்கல் ஜல்லித் தளம், அதன் மேல் தட்டு ஓடு பதிக்கும் கலவை, இவற்றுக்குச் சுண்ணாம்பு இன்றும் முதல் தரமான பொருள். மொட்டைமாடித் தளத்துக்கு சிமென்ட்டைவிட அதுதான் நல்லது என்பேன். வெயிலுக்கு விரிந்து சுருங்கும்போது அது கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், சிமென்ட் தளம் நெடுக வெடித்துவிடும்.

பழைய சுவருக்கு நல்ல சிமென்ட் பூச்சுதான் பூசினோம். ரெண்டு மழைக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பாளம் பாளமா விழுது. ஏன்?

குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் பழைய தெருக்களில் இதை நிறையப் பார்க்கலாம், பார்த்தால் மனம் வலிக்கும். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், பிறகு முகப்பு வழியாகவே வெளியே விட்டுவிடும். அந்த முகப்பில் அடர்த்தியான சிமென்ட் பூச்சு வந்ததும் ஈரம் போக வழி இல்லாமல் மேலே மேலே ஏறுகிறது. கூடவே வந்த உப்பு பூச்சுக்கும் சுவருக்கும் நடுவில் படிந்து பூச்சைத் தள்ளிவிடுகிறது. பூச்சு சுவரைவிடப் பலமாக இருப்பதால் விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும்.

சிமென்ட் பூச்சு முழுவதையும் தட்டி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்க உலர விடுங்கள். பிறகு நீற்றிய சுண்ணாம்பும் மணலும், வேண்டுமானால் கொஞ்சம் சுருக்கியும் சேர்த்துப் பூசுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்காதீர்கள், சுண்ணாம்பே அடியுங்கள். நீற்றுவதற்குச் சுட்ட சுண்ணாம்பு வாங்கினால் தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு வாரமாவது வையுங்கள். அவசரப்பட்டால் நீறாத குருணைகள் சுவரில் போய் ஊதி, அம்மைத் தழும்பு போலப் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அந்தக் காலத்துல கடுக்காயும் வெல்லமும் சேர்த்தாங்களே, சிமென்ட் கலவையிலயும் சேர்க்கலாமா?

சுண்ணாம்புக்குச் சேர்க்கலாம், அது சோதித்துப் பார்த்த பழைய முறை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலவையை இணக்கமாக்கும், மொட்டைமாடித் தளத்தைத் தட்டும்போது தெளிப்பதும் அதைத்தான். சிமென்ட்டில் ஒரு துளிகூட வேண்டாம். சர்க்கரை சிமென்ட் இறுகுவதைத் தடுக்கும். மூட்டைக்கு நூறு கிராம் போனால்கூட மறுநாளும் கலவை சேறாகவே கிடக்கலாம். வெல்லம் ஏற்றிய லாரியில் மணல் வந்தாலும் கரும்புப்பால் பட்ட டிரம்மில் தண்ணீர் பிடித்தாலும் இதே ஆபத்துதான்.

ஆரணி ரைஸ் மில்லுல உமிச் சாம்பல் மலைமாதிரி கெடக்கு. சும்மாவே தர்றாங்க. சிமென்ட்ல கலந்தா மிச்சமாகுமே?

நல்ல கேள்வி. உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. சாம்பல் பற்றிய கேள்வியில் சொன்ன அதே வேலையை நிலக்கரிச் சாம்பலைவிடச் சுறுசுறுப்பாகவே செய்யக்கூடியது. நெல் விளையும் மண்ணுக்கு இது பெரிய சொத்து.

ஆனால் மில் பாய்லரில் வருவதை அப்படியே அள்ளிப் போட முடியாது. சுமார் 700 டிகிரிக்குள் கட்டுப்படுத்தி எரித்தால்தான் சிலிக்கா வினைபுரியும் நிலையில் இருக்கும். சூடு ஏறினால் அது படிகமாகி மணல் போலச் செயலற்றுவிடும். சூடு போதாமல் எரிந்தது கறுப்பாக, எரியாத கரியோடு இருக்கும். கரி தண்ணீரைக் குடிக்கும், பிளாஸ்டிசைசரையும் குடிக்கும். அப்புறம் அதை சிமென்ட் போல மாவாக அரைக்கவும் வேண்டும். இவ்வளவும் செய்து சோதித்துத் தரும் சாம்பல் கிடைத்தால் 10 சதவீதம் வரை சேர்க்கலாம். மில் வாசலில் கிடப்பது செங்கல் சூளைக்கும் தோட்டத்துக்கும் ஆகட்டும், உங்கள் கூரைக்கு வேண்டாம். உங்கள் ஊரில் மில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், நல்ல எரியூட்டி போட்டு இதை ஒரு தொழிலாகவே செய்யலாம் என்று சொல்வேன்.

தோல் ஷாப்புக் கசடை எரிச்சு செங்கல்லுல, கான்கிரீட்டுல போடலாம்னு ஒருத்தர் சொன்னார்...

வேண்டவே வேண்டாம். அந்தக் கசடில் குரோமியம் இருக்கிறது. காரத்தோடு காற்றுப்பட எரித்தால் அது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாக மாறும். அந்த வடிவம் தண்ணீரில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். அபாயக் கழிவுக்கென்று உள்ள இடத்துக்குத்தான் அது போக வேண்டும். ஏற்கெனவே கெட்ட நிலத்தடி நீர் நமக்குப் போதும்.

சிமென்ட்டே இல்லாம கான்கிரீட்னு யூடியூப்ல பார்த்தேன். ஜியோபாலிமராம். வீட்டுக்குப் போடலாமா?

உண்மையான தொழில்நுட்பம்தான். சாம்பலையும் கசடையும் சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சிலிகேட் கரைசலால் வினைபுரிய வைத்து இறுக்குகிறார்கள். ஆஸ்திரேலியாவின் வெல்கேம்ப் விமான நிலையத்தில் இந்தக் கான்கிரீட்டைப் பெரிய அளவில் போட்டிருக்கிறார்கள். ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடு தோலை வெந்துபோகச் செய்யும் காஸ்டிக் சோடா. சித்தாள்கள் வெறுங்கையோடு பாண்டு தூக்கும் இடத்தில் அதைக் கொண்டுவரக் கூடாது. ஆலையில் வார்க்கும் பேவர் பிளாக்குக்கும் குழாய்க்கும் சரி. வீட்டு வாசலில் கலக்கும் வேலைக்கு இப்போதைக்கு இல்லை.

அப்ப சுற்றுச்சூழலுக்கு நல்லதா நாம போடக்கூடியது எதுவும் இல்லியா?

இருக்கிறது, நீங்கள் வாங்கும் பி.பி.சி.யே அப்படித்தான். ஒரு டன் கிளிங்கர் செய்தால் முக்கால் டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதில் பெரும்பங்கு எரிபொருளால் வருவதில்லை, சுண்ணாம்புக் கல் வெந்து பிரிவதால் வருகிறது. ஆகவே கிளிங்கரைக் குறைப்பதுதான் நேர்வழி. மூன்றில் ஒரு பங்கு சாம்பல் உள்ள பி.பி.சி. அதைச் செய்கிறது.

அடுத்து வருவது எல்.சி.3 என்ற சிமென்ட். கிளிங்கர் பாதி, சுட்ட களிமண் 30 சதவீதம், சுடாத சுண்ணாம்புக் கல் தூள் 15 சதவீதம், மீதி ஜிப்சம். களிமண்ணை 700 முதல் 850 டிகிரியில் சுட்டால் போதும். இந்த ஆராய்ச்சியில் சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பக் கழகத்தோடு நம் சென்னை ஐ.ஐ.டி.யும் முன்னணியில் நின்றது. 2023இல் ஐ.எஸ். 18189 என்று தனித் தரமும் வந்துவிட்டது. அனல்மின் நிலையங்கள் குறைந்து சாம்பல் தட்டுப்பட்டாலும் களிமண் இருக்கும் என்பதால் இதன் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. கடையில் வந்தால் பி.பி.சி. போலவே ஈரம் காட்டுங்கள்.

ரெடிமிக்ஸ்காரங்க பாதிக்குப் பாதி ஸ்லாக் போட்டிருக்கோம்னாங்க. நம்பி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கூரைக்கு என்று சொல்லி வாங்குங்கள். பாதி ஸ்லாக் அஸ்திவாரத்துக்கு அருமை, சூடு குறைவு, உப்பு தாங்கும். மெல்லிய கூரையில் முதல் வாரப் பலம் குறைவாக இருக்கும். கலவை விகிதத் தாளும், அதே கலவையின் 7 நாள், 28 நாள் கட்டிச் சோதனை முடிவும் கேளுங்கள். 7 நாள் முடிவைப் பார்த்து முட்டுக் கழற்றும் நாளைத் தீர்மானியுங்கள், மேலே சொன்ன 14 நாளைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். வண்டி வந்து இறங்கும்போது டிரைவர் தண்ணீர் சேர்க்க வந்தால் தடுத்துவிடுங்கள்.

பாதி ரூஃப்ல 43 தீர்ந்துபோச்சு, மீதிக்கு பி.பி.சி. போட்டு முடிச்சோம். கூரை என்னாகும்?

ஒன்றும் ஆகாது. இரண்டும் போர்ட்லாண்ட் குடும்பம், பகை இல்லை. மெதுவான பகுதிக்குத் தகுந்த நாள் கணக்கையே முழுக் கூரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: 14 நாள் தண்ணீர், 14 நாள் முட்டு. நிறம் கொஞ்சம் மாறித் தெரியும், பூசினால் மறைந்துவிடும். அடுத்த முறை நடுவில் நிற்காமல் இருக்க மூட்டைக் கணக்கை முன்னாலேயே போடுங்கள்.

போர்ட்லாண்டோடு ஒருபோதும் கலக்கக் கூடாதது அலுமினா சிமென்ட். அடுப்பு, பாய்லர், உலை உட்பூச்சுக்கு விற்பது. இரண்டும் கலந்தால் பாண்டிலேயே சட்டென்று இறுகிவிடும். தனியாகவே போட்டாலும் சூடும் ஈரமும் சேர்ந்தால் காலப்போக்கில் பலம் இழக்கும். 1970களில் இங்கிலாந்தில் பள்ளிக் கூரைகள் இடிந்து விழுந்ததற்கு அந்த சிமென்ட் ஒரு காரணம். பேக்கரி அடுப்புக்கோ பட்டறைக்கோ அந்த மூட்டை வாங்கி வந்தால், வீட்டு வேலை சிமென்ட் அடுக்கியிருக்கும் அறையில் வைக்காதீர்கள்.